மாயக் கதை வாசிப்பில் வாய்மை

முன்னுரை

மாயக் கதை படிப்போர் தம் வாசிப்பைப் பிறரிடம் கூற நாணுவர். புதினம் படித்தேன் என்பார் உளர். வரலாறு படித்தேன் என்பார் உளர். வேதாளமும் பறக்கும் கம்பளமும் வரும் கதையைப் படித்தேன் என்று அவையில் கூறுவார் அரியர். தமிழ் கற்பிக்கும் யாமும் நெடுநாள் அவ்வாறே நாணியிருந்தோம். ஒருநாள் வகுப்பில் மாணவர் ஒருவர் மாயக் கதை நூலொன்றைப் பாடநூலின் அடியில் மறைத்துப் படித்துக்கொண்டிருந்தார். யாம் அருகே சென்றதும் அவர் முகம் வெளிறியது. "ஐயா, வெறும் பொய்க் கதைதான், இனிப் படிக்கமாட்டேன்" என்றார். அந்நூலை யாம் முன்னரே இருமுறை படித்திருந்தோம். அதைக் கூற எமக்கு நா எழவில்லை. அன்று கூறாததை இம்மலரில் கூற முற்படுகின்றோம். மாயக் கதை பொய்யைப் பயிற்றுகின்றதா, வாய்மையைப் பயிற்றுகின்றதா என்பதே இக்கட்டுரையின் வினா.

எம் வாசிப்பின் தொடக்கம்

யாம் பிறந்தது இராசபாளையம். பள்ளியிற் பயின்றது திருவில்லிபுத்தூர். இரண்டு ஊர்களுக்கும் இடையே குறுகிய பேருந்துப் பயணம். மேற்கே வழிநெடுகத் துணைவரும் மலைத்தொடர். அம்மலையைச் சித்தர் உறையும் சதுரகிரியாகக் காட்டுவார் ஒருவர்; எம் ஊர்க் குன்றையே அனுமன் கொணர்ந்த சஞ்சீவியின் சிதறல் என்பார் மற்றொருவர். இத்தகைய நிலத்திற் பிறந்த சிறுவனுக்கு மாயக் கதை அயலானதன்று.

அப்பேருந்தில் யாம் படித்தவை பெரும்பாலும் பழைய இதழ்களே. 1947இல் தோன்றிய அம்புலிமாமாவில் விக்கிரமன் வேதாளக் கதையையே முதலில் தேடுவோம். பக்கத்து ஊராகிய சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்சும், 1984இல் லயன் காமிக்சும் வெளிவரத் தொடங்கியிருந்தன. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும் மாயாவியை முத்து காமிக்சின் வழியே அறிந்தோம்.

இரவில் எம் பாட்டியார் கதை சொல்வார். சின்னுகளால் தூக்கிச் செல்லப்பட்ட தமீம் அன்சாரியின் கிஸ்ஸாவும், நூறு மசலாவும் அவர் நாவில் இருந்தன. இளவரசி மெகர்பானு நூறு வினாக்களை விடுக்கின்றாள். அனைத்திற்கும் விடை கூறுபவனையே மணப்பேன் என்கின்றாள். அப்பாசு விடை கூறுகின்றான். பாட்டியார் ஒவ்வொரு வினாவின் பின்னும் நிறுத்தி, எம் முகத்தை நோக்குவார். யாம் ஏதேனும் விடை கூறும்வரை கதை நகராது. கதையைக் கேட்பவனும் கதைக்குப் பொறுப்பாளன் என்பதை அங்கேதான் கற்றோம். கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர் எனத் தமிழுக்குப் புதிய இலக்கிய வகைகளை வழங்கிய இசுலாமியத் தமிழ் மரபு, ஏட்டில் மட்டுமன்றி இத்தகைய மூதாட்டியர் நாவிலும் வாழ்ந்தது.

மாயத்திற்கும் விதி உண்டு

பல்லாண்டு வாசிப்பின் பயனாக எமக்கு ஒரு விருப்பம் உறுதிப்பட்டது. எதுவும் எப்படியும் நிகழலாம் என்னும் கதை எம்மைக் கவர்வதில்லை. மாயம் ஒரு விதிக்குக் கட்டுப்படும் கதையே கவர்கின்றது. வேதாளக் கதையை நோக்குக. விடை தெரிந்தும் மன்னன் வாய் திறவானாயின் அவன் தலை வெடிக்கும். வாய் திறந்தாலோ மௌனம் கலைந்து வேதாளம் மீண்டும் மரமேறும். அறிந்த உண்மையை மறைத்தல் ஆகாது என்பதே இவ்விதியின் உட்பொருள். உண்மை சொன்னால் பணி தோற்கும் எனத் தெரிந்தும் விக்கிரமன் உண்மையே சொல்கின்றான்.

ஆங்கில மாயப் புனைவில் பெரும்பெயர் பெற்ற டோல்கீன், 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இவ்வகைக் கதைகள் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். கதைஞன் படைக்கும் உலகம் தனக்குள் முரணின்றி அமைய வேண்டும். அமைந்தால் வாசகன் அதனுட் புகுந்து அதை நம்புவான் என்பது அவர் கருத்து. நம் தொல்காப்பியரும் உரைநடையை வகுக்குமிடத்துப் பொய்ம்மொழிக்கு ஓர் இடம் தந்தார். யானையும் குருவியும் நட்புக்கொண்டு செய்தவற்றைக் கூறும் கதை போல்வதென்று உரையாசிரியர் அதனை விளக்கினர். இலக்கணம் இடம் தந்த ஒன்றை வகுப்பறையில் மறைக்க வேண்டுவதில்லை.

வில்லிபுத்தூரைப் பாடிய காப்பியம்

எம் இரண்டு ஊர்களையும் ஒருங்கே இணைக்கும் மாயக் கதை ஒன்று உண்டு. விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயர் (ஆட்சி 1509-1529) தெலுங்கில் இயற்றிய ஆமுக்த மால்யதா, சூடிக்கொடுத்த ஆண்டாளின் வரலாற்றைக் கூறுவது. திருவில்லிபுத்தூரை விரிவாக வருணிப்பது. அதனைத் தமிழாக்கியவர் இராசபாளையத்தைச் சேர்ந்த பன்மொழிப் புலவர் மு. கு. ஜகந்நாத ராஜா (1933-2008). அப்பணிக்காகச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் பெற்றார். வில்லிபுத்தூரைப் பாடிய தெலுங்கு, இராசபாளையத்தின் வழியே தமிழுக்கு வந்தது எனலாம்.

அக்காப்பியத்தின் கிளைக் கதைகளுள் மாலதாசரி கதை எம் உள்ளங்கவர்ந்தது. தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்த இசைத் தொண்டர் ஒருவர், திருக்குறுங்குடி இறைவனைப் பாட இருளில் வழிநடக்கின்றார். ஆலமரத்தில் உறையும் பிரமராட்சதன் அவரைப் பற்றிக்கொள்கின்றான். 'பாடிவிட்டு வந்து இரையாகின்றேன்' எனத் தொண்டர் சொல் கொடுக்கின்றார். அவன் முதலில் நம்ப மறுக்கின்றான். அவர் சூளுரைத்த பின்னரே விடுக்கின்றான். தொண்டர் பாடி முடித்துத் தாமே திரும்பி வருகின்றார். அதனைக் கண்ட அரக்கன் உண்ண மறுத்து, அவர் பாட்டின் பயனில் ஒரு பங்கை இரந்து வேண்டுகின்றான். இக்கதையில் எது மாயம்? அரக்கன் மாயமா? இல்லை. உயிர் போவது தெரிந்தும் ஒருவர் சொன்ன சொல்லுக்காகத் திரும்பி வருவதே அரிய செயல். அச்செயல் கண்முன் துலங்கவே அரக்கன் வேண்டப்பட்டான்.

மானும் பிணையும்

இவ்விடத்து உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை நினையாதிருத்தல் இயலாது. மானுக்குப் பிணை நின்ற படலத்தில், வேடனிடம் அகப்பட்ட பெண்மான் தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை வேண்டுகின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நிற்கின்றார்கள். மான் சொன்னபடியே கன்றுடன் மீள்கின்றது. வேடன் மனம் மாறுகின்றான்.

ஒன்றைத் தெளிவுறுத்தல் கடன். முஃஜிசாத் எனும் அற்புதம் ஈமானைச் சார்ந்தது; மாயக் கதை கற்பனையைச் சார்ந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் எம் நோக்கமன்று. பெரியோர் அவ்வாறு கருதற்க. கொடுத்த சொல்லைக் காத்தல் என்னும் அறத்தை இரண்டு நூல்களும் எத்துணை அருகில் நின்று பேசுகின்றன என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

எமக்கு இப்படலம் வெறும் பாடமாக நின்றுவிடவில்லை. சிறுவயதில் பழைய புத்தகக் கடை முதியவர் ஒருவரிடம், 'நாளை திருப்பித் தருகின்றேன்' எனக் கூறிப் பெரிய எழுத்து மதனகாமராஜன் கதையைக் காசின்றி வாங்கி வந்தோம். மறுநாள் வகுப்பில் ஆசிரியர் ஒருவர் அதைப் பறித்துக் கிழித்துவிட்டார். அச்சத்தால் அத்தெருவையே தவிர்த்தோம். ஆண்டுகள் பல கழிந்து, ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக இப்படலத்தைப் படித்தபோது எழுத்துகள் கலங்கின. வாயில்லா மான் மீண்டது. வாயுள்ள யாம் மீளவில்லை. அவ்வார இறுதியிலேயே அத்தெருவுக்குச் சென்றோம். அங்கே கடையும் இல்லை; முதியவரும் இல்லை. நூலைக் கிழித்தவர் ஆசிரியர்தாம். சொல்லைக் கிழித்தவர் யாமே.

வாசிப்போர்க்குச் சில

எம் பழக்கத்தில் பயன்தந்தவற்றை மாணவர்க்குக் கூறுகின்றோம். ஒன்று, கதையில் வினா எழுமிடத்து நூலை மூடி, விடையை நீங்களே தேடுங்கள். இரண்டு, அக்கதையுலகின் விதி யாது, அதை மீறியவர் யார் எனக் குறித்து வையுங்கள். மூன்று, கதை வந்த வழியை வினவுங்கள். ஆயிரத்தொரு இரவுகளைச் சேர்ந்ததென நாம் கருதும் அலாவுதீன் கதை, அலெப்போ நகரத்து அன்னா தியாப் என்பவர் பாரிசில் கலான் என்னும் பிரெஞ்சு அறிஞருக்குக் கூறியது. அக்கதை நிகழுமிடமோ சீனம். ஒரு கதைக்குள் எத்தனை நாடுகள்! நான்கு, படித்ததை வீட்டுச் சிறாருக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். அம்புலிமாமா இன்று வெளிவருவதில்லை. கிஸ்ஸா சொல்லும் மூதாட்டியரும் அருகிவிட்டனர். கையிலுள்ள கைப்பேசி கதை காட்டும். வினாவின் பின் நிறுத்தி முகம் நோக்காது.

முடிவுரை

மாயக் கதை நிகழாததைக் கூறுகின்றது. ஆயினும் பொய்யனைப் போற்றுவதில்லை. நாம் ஆய்ந்த கதைகளில் மன்னன் அறிந்ததை மறைக்கவில்லை. பாணன் சொன்னபடி மீண்டான். அம்மாணவரிடம் யாம் சொல்ல வேண்டியிருந்தது இதுவே. மறுவாரம் அவரை அழைத்து, எம்மிடமிருந்த ஆயிரத்தொரு இரவுகள் தொகுதியைக் கொடுத்தோம். "எப்போது திருப்பித் தரவேண்டும், ஐயா?" என்றார். "நாளை நீங்களே சொல்லுங்கள், சொன்ன நாளில் தாருங்கள்" என்றோம்.