ஜப்பானில் மங்கா வாங்க: மதுரை விளாங்குடியிலிருந்து போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மதுரையிலிருந்து ஜப்பானுக்கு நேரடி விமானம் இல்லை. கொழும்பு வழியோ சென்னை வழியோ, எப்படிப் போனாலும் பெட்டியில் முறுக்கும் ஊறுகாய்ப்பொடியும் ஏறிவிடும். ஏறட்டும். அங்கே தின்று தீர்த்தால் அந்த இடம் மங்காவுக்கு, அதாவது ஜப்பானிய காமிக்ஸுக்கு.

1. ஆங்கில மங்காவைத் தொடாதீர்கள்

மங்கா பதிப்பகமான விஸ் மீடியாவின் ஆங்கிலப் பதிப்புகள் சைமன் அண்ட் ஷூஸ்டர் இந்தியா வழியாக இந்திய விலையில் இங்கேயே கிடைக்கின்றன. தோக்கியோவின் ஷின்ஜுகு கினோகுனியா புத்தகக் கடையில் இருப்பது அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு, விலை அதிகம். ஜப்பானுக்குப் போய் வாங்க வேண்டியது ஜப்பானிய மொழிப் புத்தகம்தான்.

2. தலைப்பை ஊரிலேயே முடிவு செய்யுங்கள்

நம் வீட்டுப் பிள்ளைகள் டி.வி.யில் தமிழில் பார்த்த டோரேமான் நல்ல தொடக்கம். ஃபுஜிக்கோ எஃப். ஃபுஜியோ வரைந்தது, 45 பாகங்கள். சின்னச் சின்னக் கதைகள் என்பதால் எந்தப் பாகத்தையும் தனியாக வாங்கலாம். சிறுவர் மங்காவில் கடின எழுத்துகளின் பக்கத்திலேயே உச்சரிப்பைப் பொடியாக அச்சிட்டிருப்பார்கள். மொழி பழகுகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

3. பழைய புத்தகக் கடைக்கே போங்கள்

சிவகாசியிலிருந்து வந்த பழைய முத்து காமிக்ஸ் இங்கே வருடம் ஆக ஆக விலை ஏறும். அங்கே நேர்மாறு. பிரபலமான மங்கா லட்சக்கணக்கில் அச்சாவதால், ஒருமுறை படித்ததும் விலை சரிந்துவிடும். 1990-இல் தொடங்கிய புக் ஆஃப் கடைகளில் மலிவு அலமாரியை முதலில் தேடுங்கள். அரிய பிரதி வேண்டுமென்றால் தோக்கியோவின் நகானோ பிராட்வே வளாகத்தில் உள்ள மண்டராகே கடைக்குப் போங்கள். அங்கே பேரம் செல்லாது.

4. அலமாரியில் தேடும் விதம்

பதிப்பகம், பிறகு ஆசிரியர் என்று அடுக்கியிருப்பார்கள். அட்டைப் படத்தை போனில் காட்டிக் கேட்பதே சுலபம். முதுகில் உள்ள பாக எண் பெரும்பாலும் நம் 1, 2, 3-தான். வாசிப்பு வலமிருந்து இடம். '18' என்று எழுதிய, வயது வந்தோருக்கான பகுதிக்குள் பிள்ளைகளோடு நுழைய வேண்டாம்.

5. பணமும் எடையும்

நுகர்வு வரி 10 சதவீதம். வரிவிலக்குப் பலகை வைத்த கடையில் 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் அசல் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சலுகை பெறலாம். 2026 நவம்பர் 1 முதல் வரியோடு சேர்த்துக் கட்டிவிட்டு, நாட்டை விட்டுக் கிளம்பும்போதுதான் அந்த வரியைத் திரும்ப வாங்க முடியும்.

ஒரு பாகம் ஏறக்குறைய 200 கிராம். 25 பாகம் என்றால் 5 கிலோ. ஜப்பானிய எழுத்து இன்னும் பிடிபடாதவர்கள் முதல் பயணத்தில் முழுத் தொடரையும் அள்ளாதீர்கள், இரண்டு பாகம் போதும்.