பின்சுவரைப் பார்த்து மேஸ்திரியைப் பிடியுங்கள்

நாமக்கல்லில் சதுர அடிக்குச் சொன்ன அதே ரேட்டில் கொல்லிமலைச் செம்மேட்டிலும் கட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் உஷாராகிவிடுங்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறித்தான் சிமென்டும் ஜல்லியும் மலைக்கு வர வேண்டும். வண்டி வாடகையையும் ஏத்துகூலி, இறக்குகூலியையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை என்றால், பாதி வேலையில் உங்களிடம் வந்து நிற்பார். இல்லாவிட்டால் கலவையில் கை வைப்பார்.

ஆள் தேடும் முன் நிலத்தின் காகிதம் சரியாக இருக்க வேண்டும். இங்கே மலையாளிப் பழங்குடியினரின் நிலங்கள் அதிகம். பட்டாவில் நிபந்தனை ஏதும் உண்டா, கைமாற்றத் தடை உண்டா என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் கிராமம் ஹாக்கா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். “அப்ரூவலை நான் பாத்துக்கறேன்” என்பவரிடம் அனுமதி நகலைக் கண்ணால் பார்க்காமல் வானம் தோண்ட விடாதீர்கள்.

அடுத்து, இரண்டு மூன்று பேரிடம் அவர்கள் கட்டிய வீடுகளைக் காட்டச் சொல்லுங்கள். மலை மேல், சரிவில் நிற்கும் வீடாக இருக்க வேண்டும்; இரண்டு மழைக்காலமாவது கண்டிருக்க வேண்டும். கீழே ராசிபுரத்தில் கட்டிய பங்களா இதற்குச் சாட்சி ஆகாது. முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். ஹால் டைல்ஸையும் எலிவேஷனையும் அவரே காட்டுவார். நீங்கள் நேராகப் பின்பக்கம் போங்கள். மண்ணை வெட்டி எடுத்த பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கையை வையுங்கள். ஓதம் காத்திருக்கிறதா, பெயின்ட் கொப்புளம் விட்டிருக்கிறதா, உப்பு பூத்திருக்கிறதா? வெட்டிய மேட்டுக்கும் சுவருக்கும் நடுவே தண்ணீர் ஓட வாய்க்கால் உண்டா? தடுப்புச் சுவரில் குழாய்த் துளைகள் விட்டிருப்பார்கள். மேட்டு மண் ஊறிக் கிடக்கும்போதும் அவை காய்ந்தே இருந்தால், பின்னால் ஜல்லி நிரப்பாமல் மண்ணையே தள்ளி மூடியிருக்கலாம். துளை அடைத்தும் இருக்கலாம். பின்னால் தேங்கும் தண்ணீர்தான் சுவரைத் தள்ளும். கட்டியவர் பக்கத்தில் இல்லாதபோது வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “ஒழுகுதுன்னு கூப்பிட்டப்ப வந்தாரா?”

பிறகு உங்கள் இடத்துக்கு அழைத்து வாருங்கள். மனையைப் பார்த்தவுடன் ரேட் சொல்பவரைவிட, டியூப் லெவல் பிடித்து மட்டம் பார்த்த பிறகு வாய் திறப்பவர் மேல். காரணம் இருக்கிறது. 30 அடி நீள வீடு, ஆறடிக்கு ஓரடி இறங்கும் சரிவு என்று வையுங்கள். மேல்பக்கம் பேஸ்மென்ட் 2 அடி என்றால் கீழ்ப்பக்கம் 7 அடி வரும். அந்தக் கல்கட்டும் மண் நிரப்புதலும் பெரும்பாலும் சதுர அடி ரேட்டில் சேராது. தடுப்புச் சுவர், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, வெளிப்படி எல்லாமே “எக்ஸ்ட்ரா” ஆகிவிடும். எது உள்ளே, எது வெளியே என்று எழுதி வாங்குங்கள். சிமென்ட் பிராண்ட், கம்பி அளவு, வண்டிக் கூலி யார் தலையில் என்பதும் அதே தாளில் வரட்டும்.

சென்ட்ரிங் தகடு சொந்தமா, வாடகையா என்றும் விசாரியுங்கள். வாடகை என்றால் நாள் ஏற ஏறக் காசு. அதனால் முட்டுகளைச் சீக்கிரம் பிரிக்கவே கை பரபரக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-ன்படி 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையிலான பீமுக்கும் 14 நாள். அதுவும் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்கு, குளிர் 15 டிகிரிக்குக் கீழே இறங்காத இடத்தில். மலையின் மார்கழிக் குளிரிலும், பிபிசி (போர்ட்லேண்ட் போஸலானா) சிமென்ட் போட்டாலும் இன்னும் பொறுக்க வேண்டும். பிபிசி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் விட வேண்டும். கோடையில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும், யார் செலவு என்பதை இப்போதே பேசிவிடுங்கள்.

உள்ளூர் ஆட்களை வைத்து வேலை நடக்கும் என்றால், மிளகு பறிப்புக் காலத்திலும், ஆடி 17, 18-ல் நடக்கும் வல்வில் ஓரி விழாவை ஒட்டியும் ஆள் குறையும். அதைக் கணக்கில் வைத்து நாள் குறிப்பவர் மலையை அறிந்தவர்.

பணம் எப்போதும் வேலைக்குப் பின்னால்தான் போக வேண்டும். சிறிய அட்வான்ஸ், பிறகு பேஸ்மென்ட், லின்டல், தளம், பூச்சு என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு. உங்கள் மனையில் கான்ட்ராக்டில் கட்டும் தனி வீட்டுக்கு ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் துணைக்கு வராது. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதையும் சேவை என்றே சொல்கிறது. குறை நேர்ந்தால் இரண்டு ஆண்டுக்குள் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஒப்பந்தமும் ரசீதும் அங்கே பேசும். ரொக்கமாகக் கொடுத்து வாய்வார்த்தையில் விட்டது பேசாது. மொத்தத் தொகையில் 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். இதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாத மேஸ்திரியிடம் ஏன் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால் பட்டியலில் அடுத்தவருக்குப் போன் போடுங்கள்.