பழைய பாய்வள்ளத்தைச் சீர்படுத்தும் எளிய முறைகள்

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்கு வடக்கே தூத்துக்குடி, வேம்பார் வரையிலும், தெற்கே மணப்பாடு, பெரியதாழை வரையிலும் உள்ள கரையோரக் கிராமங்களில் பலகை வைத்துக் கட்டிய வள்ளமே குடும்பத்தின் முதற் சொத்தாக இருந்து வந்திருக்கிறது. 1986-ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்த இக்கரையில் இப்பொழுது பெரும்பாலான வள்ளங்களில் இயந்திரம் ஏறிவிட்டது. ஆயினும் இயந்திரம் நடுக்கடலில் நின்றுபோனால் கரை சேர்ப்பது பாய் ஒன்றேயாகும். பாயும் சுக்கானும் உடலும் பழுதடைந்த வள்ளத்தைத் தள்ளிவிட்டுப் புதிது கட்டுவதற்குக் கடன் வாங்குவதா, அல்லது இருப்பதைச் செப்பனிட்டு இன்னும் சில வருஷங்கள் ஓட்டுவதா என்னும் கேள்வி சங்க அங்கத்தினர் பலருக்கும் நேர்வதுண்டு. ஏராவும் வங்குக்கால்களும் உறுதியாயிருக்கும் வள்ளமாயின் இரண்டாவது வழியே பெரும்பாலும் லாபகரமானது. அதற்கு வேண்டிய வேலைகளில் பாதிக்கு மேல் தச்சன் உதவியின்றியே செய்துகொள்ளக் கூடியவை.

சென்னை மாகாணத்தில் கூட்டுறவு இயக்கத்துக்கும் மீன்வளத் துறைக்கும் அஸ்திவாரமிட்டவர் ஒருவரேயென்பது இங்கு நினைவுகூரத்தக்கது. விவசாய பாங்குகளைப் பற்றி 1895-இல் வெளிவரத் தொடங்கிய அறிக்கையை எழுதிய ஸர் பிரெடெரிக் நிக்கல்ஸனே 1907-இல் தோன்றிய மீன்வளத் துறைக்கும் மூல புருஷராயிருந்தார். கடனையும் கடலையும் ஒரே மனிதர் கவனித்தது தற்செயலன்று. வள்ளக்காரனுடைய வறுமைக்குக் கடல் பாதிக் காரணமெனில், கடன் மற்றப் பாதி.

முதலில் செய்ய வேண்டியது பரீக்ஷை. வள்ளத்தைக் கரையேற்றி, ஒட்டியுள்ள பாசியையும் சிப்பியையும் சுரண்டி, நல்ல நீரில் கழுவி, நிழலில் உலரவிட வேண்டும். பின்னர் சிறு மரச் சுத்தியினால் அணியத்திலிருந்து அமரம் வரை ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பார்த்தால், உறுதியான மரம் கணீரென்றும், உளுத்த மரம் மந்தமாயும் ஒலிக்கும். மந்தமாக ஒலித்த இடத்தைத் தமரூசியால் குத்திப் பார்க்க வேண்டும். ஊசி எளிதில் இறங்குமாயின் அவ்விடத்தில் கரிக்கட்டியால் அடையாளம் இடுக. எல்லாப் பலகைகளையும் பார்த்து முடிக்கும் வரை எந்த வேலையையும் தொடங்காதிருப்பது நலம். ஒரு மூலையைச் செப்பனிட்டுப் பணத்தைத் தீர்த்த பிறகு மறு மூலையில் பெரிய பழுதைக் காண்பவர் பலர்.

மரத்தைக் கெடுக்கும் சத்துருக்கள் இரண்டு. அவற்றின் இயல்பு ஒன்றுக்கொன்று நேர் எதிரானது. கப்பற்புழு என்பது உண்மையில் புழுவன்று. தலையில் இரு சிறு ஓடுகளையுடைய சிப்பியினம். குண்டூசித் தலையளவு துளையிட்டு உள்ளே புகுந்து, மரத்தின் நரம்போட்டத்தில் நீள நெடுக அரித்துக்கொண்டே பருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இது உப்பு நீரில்தான் வாழும். நல்ல நீரில் நெடுநாள் இருந்தால் மடிந்துவிடும். மற்றச் சத்துரு உளுப்பு. அது ஒருவகைக் காளானால் உண்டாவது. அதற்கு வேண்டியது மழைநீரும் காற்றோட்டமின்மையுமே. உப்பு அதற்குப் பகை. ஆகவே நீர்மட்டத்துக்குக் கீழேயுள்ள மரத்துக்குக் கடல்நீர் ஆபத்து. மேலேயுள்ள மரத்துக்கு மழைநீர் ஆபத்து. இதை அறியாமல் வள்ளத்தின் உட்புறத்தைக் கிணற்று நீரால் கழுவிச் சுத்தமாக வைத்திருப்பதாக எண்ணுவோர் உளுப்பை வளர்ப்பவரே. உட்புறத்தைக் கடல்நீரால் கழுவுவதே முறை. வட அமெரிக்காவில் மரக்கப்பல் கட்டியவர்கள் வங்குகளினிடையே உப்பையே திணித்து வைத்ததுண்டு. தூத்துக்குடி உப்பளங்களுக்கருகில் வாழ்வோர்க்கு இது வியப்பாகத் தோன்றாது. ஆனால் இரும்பாணியுள்ள இடத்தில் உப்பைக் குவித்து வைத்தால் ஆணி அரித்துப் போகுமென்பதையும் மறக்கலாகாது.

புழுவுக்கு ஆறே மருந்து. ஸ்ரீவைகுண்டத்திலுள்ளதே தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு. அதைத் தாண்டி நீர் தாராளமாக வருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான். ஆற்றுமுகத்தில் நீரை நாவில் வைத்துப் பார்த்து உப்புக் கரிக்காத சமயத்தில் வள்ளத்தை உட்புறமாகக் கொண்டுவந்து கட்டி வைக்கலாம். இரண்டு மூன்று நாட்கள் போதா. ஆபத்துக் காலத்தில் புழு தன் துளையை இரு சிறு மூடிகளால் அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். குறைந்தது ஒரு மாதமாவது வேண்டும். அத்தனை நாட்கள் நல்ல நீர் நில்லாதெனில், கரையேற்றி ஓலைப்பந்தலின் நிழலில் உலர்த்துவது அடுத்த வழி. நேர் வெயிலில் போட்டால் பலகை வெடிக்கும். ஆற்றில் கட்டுவோர் நீரோட்டத்தின் நடுவே கட்டாமல் ஒதுக்கான இடத்தில் இரு புறமும் கயிறிட்டுக் கட்ட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்து ஆறு பெருகியதை இப்பகுதியார் அறிவர். அத்தகைய வெள்ளத்தில் ஒற்றைக் கயிற்றை நம்பலாகாது.

அடுத்தது கலப்பற்று வேலை. பலகை இணைப்புக்களிலுள்ள பழைய பஞ்சையும் மக்கையும் கொக்கியால் இழுத்து முற்றிலும் அகற்ற வேண்டும். பழையதன் மேலேயே புதியதைத் திணிப்பது பொல்லாத சோம்பல். இணைப்பின் வாய் வெளியே சற்று அகன்றும் உள்ளே குறுகியும் இருந்தால்தான் பஞ்சு நிற்கும். பஞ்சைத் திரியாக உருட்டி, மழுங்கிய உளியால் சீராகத் தட்டி இறக்குக. இடைவெளியின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு பஞ்சு, மேலே ஒரு பங்கு மக்கு என்பது நல்ல கணக்கு. இங்கே மிகுதியாகத் தவறு செய்வோர் பலசாலிகளே! உலர்ந்த பலகையில் பஞ்சை இறுக அடித்து நிரப்பினால், நீரில் இறங்கிப் பலகை ஊறிப் பருக்கும்போது பஞ்சு வெளியே பிதுங்கும். சில சமயம் ஆணியே நெகிழ்ந்து பலகை விலகும். எனவே நெடுநாள் உலர்ந்த வள்ளத்துக்கு மிதமான அடியே போதும்.

குங்கிலியப் பொடியை எண்ணெயில் காய்ச்சிச் செய்யும் மக்கு இன்றும் நம்பத்தக்கதே. பதம் பார்க்க ஒரு சொட்டை நீரில் விட்டு விரலால் அழுத்துக. நொறுங்கினால் எண்ணெய் போதாது. விரலில் ஒட்டினால் குங்கிலியம் போதாது. இதை வள்ளத்தினுள்ளோ ஓலைக் குடிசையருகிலோ காய்ச்சலாகாது. பொங்கித் தீப்பிடித்தால் மணலைப் போட்டு அணைக்க வேண்டுமேயன்றி நீரை ஊற்றவே கூடாது. மேற்பூச்சுக்கு, தேரி நிலங்களில் முந்திரி பயிராவதால், முந்திரிக்கொட்டையின் ஓட்டெண்ணெயை உபயோகிக்கலாம். அது தோலைக் கொப்புளிக்கச் செய்யுமாதலால் வெறுங்கையால் தொடலாகாது.

ஆணிகளில் சிக்கனம் கூடாது. துத்தநாகம் பூசிய இரும்பாணியோ செப்பாணியோ இரண்டில் ஒன்றையே வள்ளம் முழுவதும் உபயோகிக்க வேண்டும். இரண்டும் கலந்திருந்தால் உப்பு நீரில் செம்பு தன் பக்கத்திலுள்ள இரும்பை விரைவில் அரித்துவிடும்.

இக்காலத்தில் பழைய மரவள்ளத்தின் மேல் கண்ணாடி இழையும் பிசினும் போர்த்திவிடுமாறு சொல்வோருண்டு. நன்கு உலர்ந்த, உளுப்பற்ற மரத்துக்கு அது பயன்படலாம். ஈரமுள்ள மரத்தின் மேல் போர்த்தினால் உள்ளே அடைபட்ட ஈரத்தினால் மரம் மக்கி, ஓடு மட்டும் எஞ்சும். பெரும் பணம் செலவிட்டுப் பழுதை மறைத்து வைப்பதற்கு இதனினும் சிறந்த வழியில்லை.

வள்ளத்தின் அடியில் கசியும் நீர் தாழ்ந்த இடத்துக்கு ஓடிவர வங்குகளின் அடியில் சிறு துளைகள் உண்டு. மணலும் மீன்செதிளும் அவற்றை அடைத்துவிடும். துளைகளின் ஊடே மெல்லிய கயிறொன்றை நெடுக இட்டு, நாள்தோறும் முன்னும் பின்னும் இழுத்துவிட்டால் அடைப்பு நீங்கும். காசு செலவில்லாத வேலை இது. பாரத்துக்காக அடியில் இடும் கற்களையும் கயிற்று வலையில் கட்டி வைத்தல் வேண்டும். வள்ளம் சாயும்போது கல் உருண்டால் அது மீண்டும் நிமிர்வது அரிது.

பாயில் முதலில் அறுவது துணியன்று, தையல். மடிப்பின் மேல் துருத்தி நிற்கும் நூலை வெயிலும் உராய்வும் முதலில் தின்றுவிடும். ஆதலால் ஆண்டுக்கொரு முறை எல்லாத் தையலையும் விரலால் இழுத்துப் பார்த்து, தளர்ந்தவற்றை மறுபடி தைத்தால் பாயின் ஆயுள் கூடும். பாய்மரத்திலும் பருமலிலும் உராயும் இடங்களில் தோல் வைத்துத் தைக்க வேண்டும். பருத்திப் பாயை ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும். நைலான் போன்ற செயற்கைத் துணிக்கு ஈரத்தால் கேடில்லை, வெயிலே கேடு. ஆகவே சுருட்டிய பின் பனையோலைப் பாயால் மூடி வைக்குக. பாயை ஏற்றும் ஆஞ்சான் கயிறு எப்போதும் ஒரே இடத்தில் கப்பியில் தேயும். ஆண்டுதோறும் அதைத் தலைமாற்றிக் கட்டினால் தேய்வு வேறிடத்துக்கு மாறும். சுக்கானின் கொக்கிகளைச் சோதித்துக் காப்புக் கயிறொன்றும் கட்டி வைத்தல் அவசியம். கச்சான் காற்றில் சுக்கானை இழந்தவர்க்கு அதன் அருமை தெரியும்.

1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடிக்கு வரும் பெருங்கப்பல்களின் பாதையில் இரவில் வள்ளம் ஓட்டுவோர் விளக்கின்றிச் செல்வது தற்கொலைக்கு ஒப்பாகும். 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின்படி, 7 மீட்டருக்குக் குறைந்த பாய்க்கலமும் உரிய விளக்குகளை ஏற்ற இயலாவிடில் வெள்ளை விளக்கொன்றையாவது கையோடு வைத்திருந்து, மோதலைத் தவிர்க்கப் போதிய முன்னதாகக் காட்ட வேண்டும். மேலும், மரத்தாலான வள்ளம் கப்பலின் ரேடாரில் சரியாகத் தென்படாது. இதற்கு மூன்று தகரத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் குறுக்கே பொருத்தி, குழிந்த முகமொன்று வானத்தை நோக்கியிருக்குமாறு பாய்மரத்தில் உயரக் கட்டினால், ரேடார் அலைகள் வந்த வழியே திரும்பும். தகடுகள் வளையாமலும் கோணம் பிசகாமலும் இருத்தல் முக்கியம்.

பஞ்சு, குங்கிலியம், ஆணி ஆகியவற்றைச் சில்லறையாக வாங்குவதினும் சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்குதல் சகாயம். செப்பனிடக் கடன் கேட்போர் முன்சொன்ன பரீக்ஷையின் விவரத்தையும், மாற்ற வேண்டிய பலகைகளின் எண்ணிக்கையையும் மனுவோடு எழுதிக் கொடுப்பாராயின் பஞ்சாயத்தார் தொகையை நிர்ணயிப்பது எளிதாகும்.

வேலை முடிந்து நீரில் இறக்கியவுடன் வள்ளம் சிறிது கசிவது இயல்பே. அன்றே கடலுக்குப் புறப்படாமல் கரையோரம் இரண்டு மூன்று நாட்கள் கட்டி வைத்து, காலையும் மாலையும் ஒரு குச்சியால் உள்நீரின் ஆழத்தை அளந்து குறித்து வருக. அளவு நாளுக்கு நாள் குறைந்தால் பலகை ஊறி இணைப்புக்கள் இறுகுகின்றன. குறையாமல் ஒரே அளவாக இருந்தால் மறுபடி கரையேற்றி, வெளியே நீர் சொட்டும் இடத்தைப் பார்த்து, அந்த இணைப்பை மட்டும் திறந்து மீண்டும் கலப்பற்ற வேண்டும்.