எள்ளும் எண்ணெயும்: ஒரு பயிரின் பன்முகம்

நுழையும்முன்

கையளவு விதையுள் ஒரு நாட்டின் உணவும் மருந்தும் வழிபாடும் வரலாறும் அடங்கியிருக்கக் காண்பது அரிது. எள் அத்தகைய விதைகளுள் ஒன்று. தமிழர்தம் மொழிக்கு ஒரு பொதுச்சொல்லைத் தந்த அப்பயிர், நிறத்தாலும் வடிவாலும் நெய்யின் அளவாலும் பலவகைப்பட்டது. அப்பன்மை எவ்வாறு தோன்றியது, எதற்குப் பயன்படுகிறது, அதனை இழந்தால் நேர்வது யாது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

விளக்கும் செக்கும்

கும்பகோணத்தை அடுத்து, அரசலாற்றின் அருகே அமைந்த ஊர் தாராசுரம். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயில் அங்கு நிலைத்துள்ளது. 2004ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அக்கோயிலின் அடித்தளப் பகுதியில் அறுபத்துமூன்று நாயன்மார்களின் வாழ்க்கை நிகழ்ச்சிகள் சிற்றுருவச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் பெரியபுராணம் இயற்றினார். அவன் மகன் காலத்தில் அக்காப்பியம் கல்லிலும் இடம்பெற்றது.

அறுபத்துமூவருள் கலிய நாயனார் எண்ணெய் வாணிகர் மரபினர். திருவொற்றியூரில் வாழ்ந்த அவர் கோயிலில் விளக்கேற்றுவதையே தம் தொண்டாகக் கொண்டார். செல்வம் தேய்ந்தபோது பிறரிடம் எண்ணெய் பெற்று விற்றார். பின்னர்க் கூலிக்குச் செக்காட்டினார். எவ்வழியும் அற்ற நாளில் தம் குருதியையே விளக்கில் ஊற்றத் துணிந்தார் என்பது புராணம் கூறும் வரலாறு. சோழர் காலச் சமுதாயத்தில் எண்ணெய்க்கு இருந்த மதிப்பையும் செக்காடுவோரின் உழைப்பையும் இவ்வரலாறு ஒருங்கே உணர்த்துகிறது. எழுத்துப் பொறித்த கல்செக்குகள் தமிழகத்தின் பல ஊர்களில் கண்டறியப்பட்டுள்ளமை இதற்கு மேலும் சான்றாகும்.

சொல்லில் உறையும் வரலாறு

பண்டைத் தமிழில் ‘நெய்’ என்னும் சொல் உருகிய கொழுப்புப் பொருள் அனைத்திற்கும் பொதுவாக வழங்கியது. எள்ளிலிருந்து பெற்ற நெய் ‘எண்ணெய்’ எனப்பட்டது. எள் + நெய் எனப் பிரியும் இச்சொல்லில், வருமொழி நகரம் ணகரமாகத் திரிய, நிலைமொழி ளகரமும் ணகரமாகத் திரிந்தது. காலப்போக்கில் அச்சிறப்புப்பெயர் பொதுப்பெயராயிற்று. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், வேப்பெண்ணெய் எனக் கூறும்போது, எள் இல்லாத இடத்திலும் எள்ளின் பெயரே ஒலிக்கிறது. பொதுப்பெயராகிவிட்ட சொல்லிலிருந்து எள்ளின் நெய்யைப் பிரித்துக் காட்டவே ‘நல்லெண்ணெய்’ என்னும் பெயர் வேண்டியதாயிற்று.

மொழி கூறும் இத்தொன்மைக்கு அகழாய்வும் துணைநிற்கிறது. சிந்துவெளியின் ஹரப்பாவில் கரிந்த நிலையில் எள் விதைகள் கிடைத்துள்ளன; அவை நாலாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டவை எனக் கருதப்படுகின்றன. எள் ஆப்பிரிக்காவில் தோன்றியது என்னும் கருத்து ஒருகாலத்தில் நிலவியது. எனினும், பயிரெள்ளோடு இயல்பாகக் கலந்து விதை தரும் காட்டினம் இந்தியாவில் வளர்வதால், இந்தியத் துணைக்கண்டமே எள்ளின் தாயகம் என அறிஞர் பலரும் இன்று ஏற்கின்றனர்.

நெல் அறுத்த வயலில்

காவிரிப் படுகை நெல்லின் நிலம். குறுவை, சம்பா, தாளடி என ஆண்டின் பெரும்பகுதியை நெல்லே ஆள்கிறது. தைத்திங்களில் அறுவடை முடிந்தபின், ஆற்றில் நீர் குறையும் கோடையில், உளுந்தும் பயறும் எள்ளும் அவ்வயல்களில் இடம்பெறுகின்றன. எள் ஏறத்தாழ 75 முதல் 90 நாள்களில் விளைந்துவிடும். நெல்லுக்குத் தேவைப்படும் நீரில் சிறு பங்கே அதற்குப் போதும். ஆனால் தேங்கிய நீரை அப்பயிர் தாங்காது. அறுவடைக் காலத்தில் பெய்யும் ஒரு கோடைமழை உழவரின் மூன்று மாத உழைப்பை அழித்துவிடும்.

எள் விதை மிகச் சிறியது; ஆயிரம் விதைகளின் எடை ஏறத்தாழ மூன்று கிராமே. ஆதலால் ஒரு ஹெக்டேருக்கு 5 கிலோ விதை போதுமானது. சீராகத் தூவுவதற்காக, விதையைப்போல் நான்கு மடங்கு மணலைக் கலந்து விதைப்பர். அடியிலைகள் பழுத்து உதிரத் தொடங்கி, காய்கள் மஞ்சள் நிறம் அடையும்போது செடிகளை அறுப்பர். அறுத்தவற்றை நுனி உள்நோக்கி இருக்குமாறு வட்டமாக அடுக்கி, வைக்கோலால் மூடி, சில நாள் கழித்து வெயிலில் உலர்த்தி உதிர்ப்பர்.

நிறம் பல, நெய் பல

எள் என்பது பெயரால் ஒன்று, வகையால் பல. விதை வெள்ளை, பழுப்பு, செம்மை, கருமை என நிறம் வேறுபடும். சில செடிகள் ஒற்றைத் தண்டாக நிமிரும். சில பக்கக் கிளைகள் பரப்பும். இலைக்கோணத்தில் ஒரு காய் காய்ப்பனவும் உண்டு. மூன்று காய் காய்ப்பனவும் உண்டு. பெரும்பாலான காய்களில் நான்கு அறைகள் இருக்க, சில வகைகளில் எட்டு அறைகள் காணப்படும்.

இப்பன்மைக்கேற்பப் பயனும் வேறுபடுகிறது. வெள்ளெள் தோல் நீக்கப்பட்டுத் தின்பண்டங்களில் சேர்கிறது. கருப்பெள் எள்ளுருண்டையிலும் எள்ளுச் சோற்றிலும் நீத்தார் கடனிலும் இடம்பெறுகிறது. தமிழ்நாட்டின் ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்ட இரகங்களிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். திண்டிவனம் நிலையம் தந்த டி.எம்.வி. 4, டி.எம்.வி. 6 ஆகியவை பழுப்பு நிற விதை உடையவை. திருவில்லிபுத்தூரில் உருவான எஸ்.வி.பி.ஆர். 1 வெள்ளெள். விருத்தாசலம் நிலையமும் வி.ஆர்.ஐ. என்னும் வரிசையில் இரகங்களை வெளியிட்டுள்ளது.

விதையின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய் ஆகும். இவ்வளவு எல்லா வகைக்கும் ஒன்றன்று. 40 விழுக்காட்டினும் குறைந்தவையும் 55 விழுக்காட்டைக் கடந்தவையும் உள்ளன. எண்ணெயின் இயல்பும் வேறுபடும். நல்லெண்ணெயில் ஒலியிக் அமிலம், லினோலியிக் அமிலம் ஆகிய இரண்டும் சேர்ந்து 80 விழுக்காட்டளவில் அமைகின்றன. ஒன்று மிகுந்தால் மற்றொன்று குறைவது இயல்பு. ஒலியிக் மிகுந்த எண்ணெய் காற்றுப்பட்டு எளிதில் கெடாது; லினோலியிக் மனித உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத இன்றியமையாக் கொழுப்பு அமிலம். இவற்றோடு செசமின், செசமோலின் என்னும் பொருள்களும் நல்லெண்ணெயில் உள்ளன. செசமோலின் சிதைந்து தோன்றும் செசமால் எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தடுக்கிறது. ஊறுகாய்க்கு நம் முன்னோர் நல்லெண்ணெயைத் தேர்ந்ததன் பொருத்தத்தை இன்றைய வேதியியல் இவ்வாறு விளக்குகிறது.

வெடிக்கும் காய்

எள்ளின் வளர்ச்சிக்கு அதன் இயல்பே ஒரு தடையாக உள்ளது. முற்றிய காய் உலர்ந்ததும் நுனியில் வெடித்து விதையைச் சிதறுகிறது. காட்டுச்செடிக்கு இது இனம் பரப்பும் வழி, உழவருக்கோ இழப்பு. அறுவடை இரண்டு நாள் தவறினாலும் விளைச்சலின் ஒரு பகுதி மண்ணில் விழும். இதனால் பெரும்பாலும் எள்ளைக் கையாலேயே அறுக்க வேண்டியுள்ளது. வேளாண் கூலியாள் கிடைப்பது அரிதாகிவரும் காலத்தில், பல உழவர் எள்ளைக் கைவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1943ஆம் ஆண்டில் வெனிசுலா நாட்டில் லாங்ஹம் என்னும் ஆய்வாளர் வெடிக்காத காயையுடைய எள்செடியைக் கண்டறிந்தார். இயந்திர அறுவடைக்கு வழி பிறந்தது எனப் பலரும் மகிழ்ந்தனர். ஆயினும் அச்செடியின் காயிலிருந்து விதையைப் பிரிப்பதே கடினமாயிற்று; வேறு குறைகளும் உடன்வந்தன. எனவே, முற்றிலும் மூடிய காயைவிட, சிறிதளவே திறந்து விதையைப் பற்றி நிற்கும் காயைத் தேடும் ஆய்வுகள் தொடர்ந்தன. ஒரு செடியில் தற்செயலாகத் தோன்றிய மாறுபாடு ஒரு பயிரின் எதிர்காலத்தையே மாற்றக்கூடும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

நோயும் அத்தகையதே. எள்ளின் பூக்கள் இலைபோல் பச்சையாக மாறிக் காய்க்காமல் போகும் நோயொன்று உண்டு. தத்துப்பூச்சி பரப்பும் நுண்ணுயிரால் இது விளைகிறது. நோயுற்ற செடி தளிர்த்து நிற்கும்; ஒரு விதையும் தராது. இதனைத் தாங்கும் திறன் பயிரெள்ளில் குறைவாகவும் செசாமம் அலேட்டம் என்னும் காட்டினத்தில் மிகுதியாகவும் காணப்படுகிறது. அவ்விரண்டும் 26 குரோமோசோம்கள் உடையவையாயினும் எளிதில் இணைந்து விதை தருவதில்லை. களை எனப் பிடுங்கி எறியப்படும் செடியிடம் பயிரைக் காக்கும் பண்பு மறைந்திருக்கக்கூடும்.

விதையைக் காத்தல்

ஒரே இரகம் எங்கும் பரவும்போது விளைச்சல் உயரலாம். ஆனால் ஊர்தோறும் வழங்கிய நாட்டு எள் வகைகள் விதைக்குதிரிலிருந்து நீங்குகின்றன. ஒரு வகை மறைந்தால் அதன் நிறமும் சுவையும் மட்டும் மறைவதில்லை. வறட்சியையோ நோயையோ தாங்கும் பண்பும் உடன் மறைகிறது. மறைந்ததை மீண்டும் ஆக்குதல் இயலாது.

இதனைத் தடுக்கவே மரபணு வங்கிகள் அமைக்கப்பட்டுள்ளன. புதுதில்லியில் தேசிய தாவர மரபணு வளப் பணியகமும், கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இராமையா மரபணு வங்கியும் விதைகளைக் குளிரூட்டிய அறைகளில் காத்துவருகின்றன. எனினும் குளிரறையில் உறங்கும் விதை, மாறிவரும் மழைக்கும் வெயிலுக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. வயலில் வளரும் விதையே மாறுகிறது. ஆதலால் உழவரின் வயலும் ஒரு வங்கியே. 2001ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும் பகிர்ந்துகொள்ளவும் உழவருக்குள்ள உரிமையை ஏற்கிறது. உழவர் காத்த இரகத்தை அவர் பெயரிலேயே பதிவு செய்யவும் வழிவகுக்கிறது.

கலிய நாயனார் ஒரு நாள் விளக்கு அணையாதிருக்க எண்ணெய் தேடினார். இன்றைய தலைமுறையின் பொறுப்பு அதனினும் முந்தியது. அவ்வெண்ணெய்க்கு மூலமான விதையைத் தேடிக் காத்தல். கல்லில் செதுக்கிய சிற்பம் எட்டு நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்துள்ளது. விதையோ சில ஆண்டுகள் விதைக்கப்படாது போனால் முளைக்கும் ஆற்றலை இழக்கும். அதனை ஆண்டுதோறும் மண்ணிலிட்டுப் புதுப்பிப்பதே அதனைக் காக்கும் வழி.

தெரிந்து தெளிவோம்

மரச்செக்கில் எள்ளை ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது தமிழக வழக்கம். எண்ணெய் பிரிவதற்கு அது துணைசெய்கிறது. எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் எள்ளுப் பிண்ணாக்கு, புரதம் மிகுந்த கால்நடைத் தீவனம் ஆகும்.

கற்பவை கற்றபின்

1. எண்ணெய், வெண்ணெய் ஆகிய சொற்களைப் பிரித்து எழுதிப் புணர்ச்சியை விளக்குக.

2. உங்கள் பகுதியில் வழங்கும் எள் வகைகளின் பெயர், நிறம், பயன் ஆகியவற்றை மூத்த உழவரிடம் கேட்டு அட்டவணைப்படுத்துக.

3. ‘உழவரின் வயலும் ஒரு வங்கியே’ என்னும் கருத்தை ஏற்றோ மறுத்தோ வகுப்பில் உரையாற்றுக.

4. எள் பற்றிய பழமொழிகளைத் திரட்டி, அவை உணர்த்தும் வாழ்வியலை எழுதுக.