'மே'யும் 'ஷல்'லும்: ஆங்கிலத் துணைவினைகள் பற்றி ஒரு பாடம்

உப்பல் வட்டாரத்தில் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் தெலுங்கும், பள்ளியில் ஆங்கிலமும் பேசுகிறார்கள். பேச்சில் குறையில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் பலரும் துணைவினையில் தடுக்கி விழுகிறார்கள். கேன், மே, மஸ்ட், ஷல், வில் எல்லாம் சின்னஞ்சிறு சொற்கள்தாம். ஆனால் வாக்கியத்தின் பலம் அவற்றில்தான் இருக்கிறது.

முதலில் அவை நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். தமிழில் முதன்மை வினை முன்னே வரும், துணை பின்னே சேரும்: 'போகலாம்', 'போக வேண்டும்', 'போகக் கூடாது'. தெலுங்கிலும் அதே ஒழுங்குதான்: 'வெள்ளவச்சு', 'வெள்ளாலி', 'வெள்ளகூடது'. ஆங்கிலத்தில் இது தலைகீழ். 'மே கோ', 'மஸ்ட் கோ' என்று துணைவினை முன்னே நிற்கும். அது வந்துவிட்டால் பின்னே வரும் வினை உருமாறக் கூடாது. 'ஹி கேன் கோஸ்' தவறு, 'ஹி கேன் கோ' சரி. 'டிட் யூ வென்ட்' என்பதும் தவறு. இறந்தகாலத்தை 'டிட்' இழுத்துக்கொண்டு போகிறது. 'வென்ட்' என்று இன்னொரு இன்ஜினை மாட்ட வேண்டியதில்லை. (மலைப்பாதையில் இரண்டு இன்ஜின் மாட்டுவதுண்டு, இலக்கணத்தில் கிடையாது!)

அடுத்தது எதிர்மறை. 'மஸ்ட்' என்றால் 'வேண்டும்' என்று படித்த பிள்ளை, 'வேண்டாம்' என்பதற்கு 'மஸ்ட் நாட்' என்று எழுதிவிடுகிறது. 'யூ மஸ்ட் நாட் கம்' என்றால் 'நீ வரக் கூடாது' என்று பொருள். 'சிரமப்பட்டு வர வேண்டாம்' என்று மாமாவுக்கு எழுத நினைத்தால் 'நீட் நாட்' என்றுதான் எழுத வேண்டும். மாற்றி எழுதினால் மாமா கோபித்துக்கொள்வார், அதில் நியாயமும் உண்டு.

'மே'தான் மிகவும் வழுக்கலான சொல். நம் 'லாம்' போலவே அனுமதியையும் காட்டும், நிச்சயமின்மையையும் காட்டும். 'நாட்' சேர்ந்தால் 'வரக் கூடாது' என்றும் ஆகலாம், 'வராமலும் போகலாம்' என்றும் ஆகலாம். 'ஷல்' அப்படியன்று. சட்டத்திலும் விதிகளிலும் அது கட்டளை. எங்கள் ரயில்வே பொது விதிகளைப் பாருங்கள். தானியங்கி சிக்னல் சிவப்பாக இருந்தால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, பகலில் 1 நிமிடமும் இரவில் 2 நிமிடமும் காத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் இருப்பது 'ஷல்'. அங்கே 'மே' இருந்தால் நிற்பதும் நிற்காததும் ஓட்டுநர் விருப்பமாகிவிடும்.

இந்த இரண்டு சொற்களின் வேறுபாட்டைத் தமிழ்நாடு நன்றாக அறியும். அரசியல் சட்டத்தின் 343ஆம் பிரிவு, 15 ஆண்டுகள் வரை ஆங்கிலம் தொடரும் என்று 'ஷல்' போட்டுச் சொன்னது. அதற்குப் பிறகு என்ன என்பதற்காக வந்ததே 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம். அதன் 3ஆம் பிரிவில் இந்தியோடு ஆங்கிலமும் 'மே கன்டின்யூ' என்று எழுதினார்கள். தொடரலாம் என்றால் தொடராமலும் போகலாமே என்று தி.மு.க. கேட்டது. அப்போது மாநிலங்களவையில் இருந்த அண்ணாவும் மசோதாவை எதிர்த்துப் பேசினார். இங்கே 'மே' என்பதை 'ஷல்' என்றே கொள்ள வேண்டும் என்பது நேருவின் வாதம். அப்படியானால் 'ஷல்' என்றே எழுதுங்களேன் என்றனர் எதிர்த்தவர்கள். இலக்கணப்படி எனக்கு இந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. நீதிமன்றங்கள் சில வேளை 'மே'யை 'ஷல்' என்று படிப்பதுண்டுதான். ஆனால் அது வழக்கு வந்த பிறகு.

1964இல் நேரு மறைந்தார். அவர் தந்த உறுதிமொழி இருந்தது, சட்டத்தில் 'மே'யும் அப்படியே இருந்தது. 1965 ஜனவரியில் 15 ஆண்டுக் கெடு முடிந்தபோது தமிழ்நாட்டில் மாணவர் போராட்டம் வெடித்தது, பலர் உயிரிழந்தனர். ஒரு சொல் மட்டுமே அதற்குக் காரணமன்று. ஆனால் அச்சத்துக்கு அந்தச் சொல் இடம் கொடுத்தது. 1967இன் திருத்தம் 1968 ஜனவரியில் சட்டமாயிற்று. வேடிக்கை என்னவென்றால் பழைய 'மே' இன்றும் அங்கேயே இருக்கிறது. அதன் கீழே புதிதாகச் சேர்த்த வாசகங்களில்தான் 'ஷல்' வருகிறது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு மத்திய அரசு கடிதப் போக்குவரத்து நடத்த ஆங்கிலத்தைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். வேற்றூரில் வாடகைக்கு இருக்கும் நமக்கு ஒப்பந்தப் பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. காலி செய்யும்போது முன்பணம் 'மே பி ரிஃபண்டட்' என்று இருந்தால் கையெழுத்துப் போடுமுன் 'ஷல்' என்று மாற்றச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். பத்திரத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து 'மே' வரும் இடங்களில் எல்லாம் பென்சிலால் கோடு போடச் சொல்லலாம். பாடமும் ஆகும், பணமும் தப்பும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி. இவற்றை ஆங்கிலத்தில் எழுதுக:

நாளை மழை பெய்யலாம்.
நீங்கள் இங்கே உட்காரலாம்.
நீ இன்று பள்ளிக்குப் போக வேண்டியதில்லை.
தண்டவாளத்தைக் கடக்கக் கூடாது.
நேற்று ஏன் வரவில்லை?

விடைகள் அடுத்த இதழில்.