ரசீதுப் புத்தகத்தோடு புறப்படும் பிள்ளைகளுக்கு

கூத்துக்கும் நாட்டியத்துக்கும் பறைக்கும் பணம் திரட்டப் போகிறோம், வழி சொல்லுங்கள் என்று போன வாரம் நாலு பேர் என் திண்ணைக்கு வந்தீர்கள். பேசியது போதாது, எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில் சிப்காட் தொழிற்பேட்டையின் கேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் அந்தத் தூரத்தை நாற்பது வருடமாக ரசீதுப் புத்தகத்தோடு சுற்றியவன் நான். எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்.

1. முதல் ரசீது உங்கள் ஊரில் கிழியட்டும்.

கம்பெனி வாசலுக்கு அப்புறம் போகலாம். நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடப்பதே ஊர் வரியில்தான். கடற்கரைக் குப்பங்களில் தலைக்கட்டு வரி என்று வீட்டுக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். எந்த மேனேஜராக இருந்தாலும் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "ஊர்க்காரங்க என்ன போட்டிருக்காங்க?" என்பதுதான். ரசீதின் அடிக்கட்டையில் நூறு பேர் பெயரும், ஐம்பதும் நூறுமாகத் தொகையும் இருந்தால் அந்த மனிதர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கேட்கக் கூச்சமாக இருந்தால் வடலூர் வரை ஒரு நடை போய் வாருங்கள். 1867-இல் வள்ளலார் தருமசாலை தொடங்கியபோது அதற்கு நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து மக்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. இன்றைக்கும் யாரோ ஒருவர் அரிசி மூட்டையைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

2. ஒரு ராத்திரிக்குக் கேட்காதீர்கள். ஒரு வருடத்துக்குக் கேளுங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், மூன்று வருடம் தொடர்ந்து எங்கள் கூத்துக்குப் பணம் கொடுத்தது. அவர்கள் பேனர் கூத்து ஆடும் களரியைவிட அகலமாக இருந்தது. முகவீணை ஊதுகிறவர் அதன் பின்னால் மறைந்துபோனார். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். நாலாவது வருடமும் வரும் என்று நம்பிக் கூத்து ஜமாவுக்கு வாக்குக் கொடுத்தேன். என் வாக்கை நம்பி ஜமாவின் வாத்தியார் அந்த வைகாசியில் வேறு இரண்டு ஊர் அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பழைய மேனேஜர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர், இந்த வருடம் பள்ளிக்கூடத்துக் கழிப்பறை மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். சட்டையில் குத்திய கேட் பாஸோடு வெளியே வந்து, நேராக வாத்தியார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிரீடத்தில் ஒட்ட வாங்கி வைத்திருந்த கண்ணாடித் துண்டுகளைப் பழைய செய்தித்தாளில் மடித்து, மறுபடியும் பெட்டியில் வைத்தார்.

அந்த வருடத்திலிருந்து நிகழ்ச்சிக்கென்று கேட்பதை விட்டேன். பத்துப் பிள்ளைகளுக்குப் பத்து மாதம் அடவும் பாட்டும் சொல்லிக் கொடுக்க வாத்தியாருக்குச் சம்பளம், ஒரு ஆர்மோனியம், நான்கு ஜோடிப் புஜக்கட்டை, முகவீணை கற்கும் பையனுக்குப் பஸ் செலவு என்று பிரித்து எழுதிக் கேட்கிறேன். அரங்கேற்றம் கடைசியில் தானாக வரும். காஞ்சிபுரத்தில் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002 முதல் பல ஆண்டுகள் ஒரு குருகுலமே நடத்தியது. பிள்ளைகள் பள்ளிப் பாடமும் படித்தார்கள், கூத்தும் படித்தார்கள். கொடுப்பவர் கண்ணுக்கு அந்தப் பிள்ளைகள் தெரிந்தார்கள்.

3. சட்டத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.

2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தில் 135-ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு லாபச் சராசரியில் 2 விழுக்காட்டைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். சிஎஸ்ஆர் என்பது இதுதான். 2014 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. கல்வி, மருத்துவம் மட்டும்தான் செய்வோம் என்று யாராவது சொன்னால், ஏழாம் அட்டவணையில் கலை, பண்பாடு, மரபுக் கலைகளின் வளர்ச்சி என்பதும் இருக்கிறது என்று பணிவாகச் சொல்லுங்கள். ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை என்பதும் அதே சட்டம்தான். குடிகாடும் ஈச்சங்காடும் பச்சையாங்குப்பமும் அவர்கள் வாசலிலேயே இருக்கின்றன.

இன்னொன்று. தங்கள் சரக்கு விளம்பரத்துக்காகக் கொடுக்கிற ஸ்பான்சர் பணம் இந்தக் கணக்கில் சேராது. ஒருநாள் விழாவும் சேராது. ஆகவே நான் இரண்டாவதாகச் சொன்னது தர்மத்துக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் பொருந்துகிறது. உங்கள் அமைப்பு டிரஸ்டாகவோ சங்கமாகவோ பதிவாகி, வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி பதிவு இரண்டும் வாங்கி, சிஎஸ்ஆர்-1 படிவமும் போட்டிருக்க வேண்டும். இந்தப் படிவம் 2021 ஏப்ரலிலிருந்து கட்டாயம். இவை இல்லாமல் போனால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

காலமும் முக்கியம். செலவாகாத பணத்தை அரசு நிதிக்கு மாற்ற வேண்டும் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் சிலர் அவசரமாகக் கூப்பிடுவார்கள். அந்தப் பணம் அடுத்த வருடம் வராது என்று நினைத்து வாங்குங்கள். நிலையாக வேண்டுமென்றால் ஏப்ரலுக்கு முன்பே மனு போய்ச் சேர வேண்டும். முடிவெடுக்கும் போர்டு பெரும்பாலும் மும்பையிலோ ஐதராபாத்திலோ உட்கார்ந்திருக்கும். முகவீணை என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு நிமிட வீடியோ எடுத்து அனுப்புங்கள். பேசுகிறவர் நீங்களாக இருக்க வேண்டாம், வாசிக்கிறவராக இருக்கட்டும்.

4. சிறிய ஆலைகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

அவர்களுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. முதலாளி உள்ளேயே உட்கார்ந்திருப்பார். வேன், தார்ப்பாய், ஜெனரேட்டர், ஜமாவுக்கு ஒருவேளைச் சாப்பாடு என்று பொருளாகக் கேளுங்கள். பொருளாகக் கொடுப்பவர் ராத்திரி வந்து கூத்தும் பார்ப்பார்.

5. கொடுத்தவர் பெயரைச் சொல்லுங்கள்.

கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் ஆட்டத்தை நிறுத்தி அன்பளிப்பு வாசிப்பது உங்களில் சிலருக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். ரசம் கெடுகிறது என்றீர்கள். ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். கர்ண மோட்சம். மணி பத்தரை இருக்கும். இரண்டாம் ஷிப்ட் முடிந்து ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி நேராகக் களரிக்கு வந்தார். சீருடை, ஒரு கையில் டிபன் கேரியர், காலில் இன்னும் அந்தக் கனத்த ஷூ. ஐம்பது ரூபாயை என்னிடம் கொடுத்து, தன் பெயரோடு செத்துப்போன தன் அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொன்னார். அப்பா கர்ணன் வேஷம் கட்டியவராம். கட்டியங்காரன் இரண்டு பெயரையும் உரக்கச் சொன்னான். கர்ணன் வேஷக்காரர் இருந்த இடத்திலிருந்தே கை குவித்தார். அந்த மனிதர் விடியும்வரை உட்காரவில்லை, நின்றபடியே பார்த்தார்.

அந்த ஆலையின் பெயர் பேனரில் இருந்தது. இவர் பெயர் ஊர் காதில் விழுந்தது. வரப்போகும் காலத்தில் கலையைத் தாங்கப்போகிறவர்கள் இவரைப் போன்றவர்கள்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாதம் ஐம்பது ரூபாய் கொடுக்கிற ஆயிரம் பேரைச் சேர்த்தால் வருடத்துக்கு ஆறு லட்சம். எந்த மேனேஜர் மாறினாலும் அது நிற்காது.

6. க்யூஆர் அட்டையை டிரஸ்ட் கணக்கில் மட்டும் எடுங்கள்.

யாருடைய சொந்த ஃபோன் நம்பரும் கூடாது, செயலாளருடையதாக இருந்தாலும். பணம் வந்ததைக் கத்திச் சொல்கிற அந்தச் சின்னப் பெட்டியைத் துகிலுரியும் நேரத்தில் அணைத்து வையுங்கள். பாஞ்சாலி கை தூக்கி நிற்கும்போது குறுக்கே வேறு குரல் கேட்கக் கூடாது. ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுப்பவருக்கு 80ஜி சலுகை கிடைக்காது என்பதை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

7. யாரிடம் வாங்குகிறோம் என்பதைக் களரி முன்னால் உட்காரப்போகிறவர்களிடம் கேளுங்கள்.

இது கடினமான விஷயம். 1980-களில் இந்தத் தொழிற்பேட்டை வந்தது. வேலை வந்தது உண்மை. ராத்திரி வாடையைப் பற்றியும், நிலத்தடி நீரைப் பற்றியும், உப்பனாற்று மீனைப் பற்றியும் சுற்றுக் கிராமத்து மக்கள் பல வருடமாகப் புகார் சொல்லி வருவதும் உண்மை. அந்த மக்களுக்கு முன்னால்தான் நீங்கள் ஆடப்போகிறீர்கள். ஒரே அளவுகோல் எல்லோருக்கும் ஒத்துவராது. நான் செய்தது இது: பணம் வாங்குவதற்கு முன் கிராமத்தில் கூட்டம் போட்டு, இன்னார் கொடுக்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டேன். இரண்டு முறை வேண்டாம் என்றார்கள். வாங்கவில்லை. வேண்டும் என்று சொன்ன ஊரில், கட்டியங்காரன் எதைப் பற்றிப் பேசினாலும் யாரும் தடுக்கக் கூடாது என்று ஒப்பந்தக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன். கட்டியங்காரன் ராஜாவையே கேள்வி கேட்கிறவன். அந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட மறுத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். நீங்களும் அந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

8. சாவா மூவாப் பேராடு சேர்த்து வையுங்கள்.

சோழர் கல்வெட்டில் வருகிற சொல் இது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு கொடுப்பார்கள். இடையர் அந்த மந்தையை வளர்த்து நாள்தோறும் நெய் அளக்க வேண்டும். கிழடு சாகும், குட்டி பிறக்கும், மந்தை மட்டும் சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. இன்றைக்கு மூலநிதி என்கிறோமே, அதைவிட அழகான பெயர். ஆட்டைத் தின்னக் கூடாது, நெய்யை மட்டும் எடுக்கலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்ததைக் கல்லில் வெட்டியிருக்கிறது. எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, யார் பெயர் என்று ஒவ்வொன்றும் இருக்கிறது. எனக்கு அதில் பெரிதாகப் படுவது அடுத்த ஏற்பாடு. ஒருவர் இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்தப் பங்கு அவர் உறவில் தகுதியானவருக்குப் போகும். தகுதியானவர் இல்லையென்றால் வேறொருவரைத் தேர்ந்து வைக்க வேண்டும். ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஆளுக்கு அப்புறமான ஆளையும் யோசித்திருக்கிறார்கள். நாம் அடுத்த மார்ச்சைத் தாண்டி யோசிப்பதில்லை.

ஆகவே வருகிற ஒவ்வொரு நூறிலும் பத்தை எடுத்து வைப்புநிதியில் போடுங்கள். மூலநிதிக்கு என்று கொடுப்பவரிடம் அதை எழுத்தில் வாங்குங்கள். ஏழு விழுக்காடு வட்டி என்றால் பத்து லட்சத்துக்கு வருடம் எழுபதாயிரம். முகவீணை சொல்லிக் கொடுக்க ஒரு வாத்தியாருக்கு மாதம் ஐயாயிரத்துக்கும் மேல் ஆயிற்று. நம் மாவட்டத்தில் முகவீணை வாசிப்பவர்களைத் தேடி அலைந்தவனுக்குத்தான் அந்த ஐயாயிரத்தின் பெறுமதி தெரியும்.

9. ஒரே ஒரு பெரிய மனிதருக்காகக் காத்திருக்காதீர்கள்.

1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டார். அங்கே இசைக்கு ஒரு வீடு கிடைத்தது. தமிழிசைக்காக அவர் எடுத்த முயற்சியால் 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் வந்தது. பணத்தோடு சேர்த்து, தமிழில் பாடு என்ற ஒரு கருத்தையும் கொடுத்தார். அந்தக் கருத்துக்கு நான் என்றும் கடன்பட்டவன். ஆனால் அப்பேர்ப்பட்ட ஒருவர் வந்து நம் கூத்தைத் தூக்கி நிறுத்துவார் என்று நாற்பது வருடம் நானும் எதிர்பார்த்தேன். வரவில்லை. அதே சிதம்பரத்தில் 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கிறது. எங்கெங்கிருந்தோ வந்து ஆடுகிறார்கள், உலகமே பார்க்கிறது. அங்கே வருகிற ரசிகர்களுக்கு இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பாரதக் கூத்து நடப்பது தெரியாது. அந்த ஐந்து நாளில் சிதம்பரத்து வீதியில் ஒரு மேசை போட்டு, கிரீடமும் புஜக்கட்டையும் வைத்து, வருகிறவர்களிடம் பேசுங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டுவிட்டேன்.

10. வெளிநாட்டுப் பணம்.

சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளை, துபாயிலிருந்து தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்துவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு இல்லாமல் ஒரு ரூபாய் தொடக் கூடாது. சொந்தக்காரர் கணக்கில் வாங்கி மாற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஆடிட்டரைக் கேட்காமல் சரி சொல்லாதீர்கள்.

11. கணக்கைக் கோயில் வாசலில் ஒட்டுங்கள்.

கூத்து முடிந்த எட்டாம் நாள். வாழை இலை எத்தனை, பந்தல்காரருக்கு எவ்வளவு, வாத்தியாருக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு. ஆடியவர்களுக்குக் கொடுத்தது முதல் வரியில் இருக்கட்டும், கடைசி வரியில் வேண்டாம். பந்தலுக்கும் மைக்குக்கும் போனது ஆட்டக்காரர்களுக்குப் போனதைவிட அதிகமாக இருந்தால், ஒட்டுவதற்கு முன் உட்கார்ந்து யோசியுங்கள்.

என்னிடம் முப்பத்தேழு நோட்டு இருக்கிறது. கொடுத்தவர் பெயர், தெரு, தொகை, அந்த வருடம் யார் எந்த வேஷம் கட்டினார் என்பதெல்லாம் அதில் உண்டு. தானே புயலில் நனைந்த நாலு நோட்டில் மை பரவிவிட்டது. ஆனால் அந்தப் பெயர்களில் பாதி எனக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். நான் சொல்லச் சொல்ல யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும்.