வடம் நீண்டால் தேர் நகரும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணினி அறிவியல்)

முன்னுரை

'ஊர் கூடித் தேர் இழுப்பது' என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். ஓசூர் மலைமேல் எழுந்தருளியுள்ள சந்திரசூடேசுவரர் கோயிலின் தேர்த் திருவிழாவைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். தேர் மிகப் பெரியது. அதில் கட்டிய வடமும் மிக நீளமானது. வடம் நாலு முழமாக இருந்தால் ஊரே திரண்டு வந்தாலும் பத்துப் பேர்தாம் பிடிக்க முடியும். மற்றவர்கள் ஆர்வம் இருந்தும் ஒதுங்கி நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

கணினி உலகிலும் இவ்வாறு ஊர் கூடி இழுக்கும் தேர்கள் உண்டு. அவற்றைக் கட்டற்ற திட்டங்கள் என்கிறோம். அவற்றின் இணையத்தளங்களை எவ்வாறு மாற்றியமைத்தால் பலரும் கைகொடுக்க முன்வருவர் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கட்டற்ற திட்டம் என்பது யாது?

ஒரு மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை தந்து வெளியிட்டால் அது கட்டற்ற மென்பொருள். அமெரிக்காவின் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-ஆம் ஆண்டில் 'க்னூ' திட்டத்தை அறிவித்து இவ்வியக்கத்தைத் தொடங்கினார். பின்லாந்து நாட்டுக் கல்லூரி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் 'லினக்ஸ்' கருவை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. இன்றைய என்னைவிட ஒரு வயதே மூத்தவர்! இதே வழியில் எழுந்த கலைக்களஞ்சியம்தான் விக்கிப்பீடியா. அதனை இயக்கும் 'மீடியாவிக்கி' என்ற மென்பொருளும் கட்டற்றதே.

இவற்றைப் பயன்படுத்துவோர் கோடிக்கணக்கானோர். கைகொடுப்போரோ மிகச் சிலர். 'மக்களுக்கு ஆர்வம் இல்லை' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பல வேளைகளில் குறை மக்களிடம் இல்லை, வாயிலில்தான் இருக்கிறது என்பதே என் கருத்து. இதற்கு வரலாற்றில் தக்க சான்று ஒன்று உண்டு.

மூடிய வாயிலும் திறந்த வாயிலும்

விக்கிப்பீடியாவுக்கு முன்பு, 2000-ஆம் ஆண்டில், ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் 'நூபீடியா' என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினர். அறிஞர்கள் எழுத வேண்டும். எழுதியது ஏழு கட்டச் சோதனையைத் தாண்ட வேண்டும் என்பது ஏற்பாடு. நோக்கம் உயர்ந்ததுதான். ஆயினும் 2003-இல் அது மூடப்படும் வரை முழுமை பெற்ற கட்டுரைகள் ஏறத்தாழ 25 மட்டுமே.

இதற்கிடையே, வார்டு கன்னிங்காம் 1995-இல் உருவாக்கிய 'விக்கி' முறையை அதே இருவர் கையில் எடுத்தனர். பக்கத்தின் மேலேயே 'தொகு' என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் படிப்பவரே எழுதலாம். 2001 ஜனவரி 15 அன்று தொடங்கிய விக்கிப்பீடியாவில் முதலாண்டு முடிவுக்குள் ஏறத்தாழ 20,000 கட்டுரைகள் சேர்ந்தன. தொடங்கியவர்கள் அவர்களே; குறிக்கோளும் அதுவே. மாறியது வாயில் ஒன்றுதான்.

'எவரும் எழுதலாம் என்றால் தவறுகள் மலியாவோ?' என்று வாசகர் கேட்கலாம். நியாயமான ஐயமே. ஒவ்வொரு பக்கத்தின் பழைய வடிவங்கள் அனைத்தும் அதன் வரலாற்றில் சேமித்து வைக்கப்படுகின்றன. எவரேனும் கெடுத்துவிட்டால் இன்னொருவர் முந்தைய வடிவத்தை நொடியில் மீட்டுவிடலாம். ஆகவே வாயிலில் காவலாளியை நிறுத்துவதற்குப் பதிலாக, உள்ளே நேர்வதைச் சீர்செய்யும் வழியை வைத்தார்கள். புதிதாக வருபவருக்கும் 'நாம் தொட்டால் கெட்டுவிடுமோ' என்ற அச்சம் இதனால் குறைகிறது.

தமிழில் நடந்தது என்ன?

தமிழர்கள் இத்துறையில் பின்தங்கியவர்கள் அல்லர். 1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் ஒருங்கிணைப்பில் 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினர்.

தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பர் 30 அன்று தோன்றியது. ஆனால் அன்று பொத்தான்களும் அறிவிப்புகளும் ஆங்கிலத்தில் இருந்தன. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அவர்கள், ஐக்கிய அரபு அமீரகத்தில் பணியாற்றியபடியே, அவ்வாண்டின் இறுதியில் அவற்றைத் தமிழாக்கும் பணியில் இறங்கினார். கட்டுரைகளைக் குவிப்பதற்கு முன் வாயிற்பலகையைத் தமிழில் எழுதினார் எனலாம். 2017 மே மாதத்தில் தமிழ் விக்கிப்பீடியா 1,00,000 கட்டுரைகளை எட்டியது.

எல்லையோரத்தில் வாழும் நமக்குப் பலகையின் அருமை நன்கு விளங்கும். சூசூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் பலகைகள் கன்னடத்துக்கு மாறுகின்றன. கன்னடம் நன்றாகப் பேசத் தெரிந்தவரும், எழுத்துத் தெரியாவிட்டால், பேருந்து நிற்குமிடத்தில் பிறரைக் கேட்டே ஏறுகிறார். அறிவு இருந்தும் பலகை படிக்க முடியாதவர் வெளியே நிற்கிறார் அல்லவா? ஆங்கிலப் பொத்தான்களின் முன் தமிழ் மட்டும் படித்தவர் நிற்பதும் அவ்வாறே.

தமிழ் விக்கிப்பீடியர் இட்ட பெயர்களும் நினைக்கத்தக்கவை. பொதுவாகக் கலந்து பேசும் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர். உதவி கேட்கும் பக்கம் 'ஒத்தாசைப் பக்கம்'. எழுதிப் பழகும் இடம் 'மணல்தொட்டி'. ஊர்ப்புறத்திலிருந்து வரும் மாணவன் 'ஆலமரத்தடி' என்ற சொல்லைக் கண்டதும் அங்கே தானும் உட்காரலாம் என்று உணர்கிறான். தளவமைப்பு என்பது வண்ணமும் படமும் மட்டும் அன்று. சொல்லும் அதில் அடங்கும்.

தொழிற்பேட்டை வாயில் தரும் பாடம்

ஓசூர் சிப்காட் சாலைகளில் நடந்து சென்றால் தொழிற்சாலை வாயில்களில் 'ஆட்கள் தேவை' என்ற பலகைகளைக் காணலாம். என் அண்ணன் இத்தகைய பலகை ஒன்றைப் பார்த்துத்தான் சி.என்.சி. இயந்திரப் பணியில் சேர்ந்தார். அப்பலகையில் நான்கு செய்திகள் இருக்கும்: என்ன வேலை, என்ன தகுதி, எத்தனை மணி நேரம், யாரைப் பார்க்க வேண்டும். 'எங்கள் வளர்ச்சியில் பங்கு பெற வாரீர்' என்று மட்டும் எழுதியிருந்தால் எவர் உள்ளே போவார்? ஆனால் கட்டற்ற திட்டங்கள் பலவற்றின் முகப்பில் 'பங்களியுங்கள்' என்ற ஒரு சொல்லே தொங்குகிறது. அதை அழுத்தினால் நீண்ட விதிமுறைகள் விரிகின்றன.

எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எந்த விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது, யாரிடம் கேட்பது என்பவற்றைப் படித்தவர் உள்ள வீடுகளில் பெற்றோரே சொல்லித் தருவர். அந்த வசதி இல்லாதவருக்கு அறிவிப்புப் பலகையே அண்ணனும் அக்காளும். இணையத் திட்டங்களுக்கும் இது பொருந்தும். 'தெரிந்தவர்கள் தாமே கண்டுபிடித்து வருவார்கள்' என்று விட்டுவிட்டால், ஏற்கெனவே தெரிந்தவர்களே மீண்டும் மீண்டும் வருவர்.

ஆகவே ஒரு தளத்தை மாற்றியமைப்போர் முகப்பிலேயே கூற வேண்டியவை நான்கு:

1. வேலை: சிறியதாக, எல்லை தெரிவதாக இருத்தல் வேண்டும்.
2. தகுதி: 'தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும்', 'பைத்தான் தெரிய வேண்டும்' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.
3. நேரம்: பத்து நிமிடமா, ஒரு வாரமா என்பது தெரிய வேண்டும்.
4. ஆள்: ஐயம் வந்தால் கேட்பதற்கும், செய்த வேலையைப் பார்த்து மறுமொழி கூறுவதற்கும் ஒருவர் இருக்க வேண்டும்.

இந்நான்கிற்கும் ஏறக்குறையப் பொருந்தும் எடுத்துக்காட்டு தமிழ் விக்கிமூலம். நாட்டுடைமையான நூல்களும் காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களும் அங்கே பக்கம் பக்கமாக உள்ளன. திரையின் ஒரு பாதியில் அச்சுப் பக்கத்தின் படம். மறுபாதியில் கணினி படித்தறிந்த எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை திருத்த வேண்டும். திருத்தப்படாத பக்கம் சிவப்பு. ஒருவர் திருத்தினால் மஞ்சள். வேறொருவர் சரிபார்த்தால் பச்சை. முதலில் திருத்தியவரே பச்சை ஆக்க முடியாது. ஒரு நூலைத் திருத்து என்றால் மலைப்பாக இருக்கும். ஒரு பக்கத்தைத் திருத்து என்றால் எவரும் உட்காருவர். இதுவே வடத்தை நீட்டும் வித்தை.

மாற்றுவோர் கவனிக்க வேண்டியவை

மாற்றம் எல்லாம் நன்மையில் முடியும் என்று எண்ணலாகாது. 2009-ஆம் ஆண்டில் விக்கிமீடியா அறக்கட்டளை, இதுவரை எழுதாத சாதாரண வாசகர்களைத் திரையின் முன் அமர்த்தி, 'ஒரு திருத்தம் செய்யுங்கள்' என்று கூறி, அவர்கள் எங்கே தடுமாறுகின்றனர் என்று கவனித்தது. பக்கத்தைத் தொகுக்கத் திறந்ததும் கண்ணில் பட்ட குறியீட்டுக் கூட்டம் பலரை மிரள வைத்தது. அதன் பயனாக 2010-இல் புதிய தோற்றம் வந்தது. அறையில் அமர்ந்து ஊகிக்காமல் பயன்படுத்துவோரைப் பார்த்து அறிந்தது போற்றத்தக்க முறை.

ஆனால் 2013 ஜூலையில், குறியீடு இன்றியே எழுத உதவும் காட்சித் தொகுப்பி ஆங்கில விக்கிப்பீடியாவில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டபோது, அதில் பிழைகள் மலிந்திருப்பதாகப் பழைய பங்களிப்பாளர்கள் எதிர்த்தனர். செப்டம்பரிலேயே, விரும்புவோர் மட்டும் பயன்படுத்தலாம் என்று அது மாற்றப்பட்டது. பின்னர்ச் செப்பனிடப்பட்டு அது இன்று பலருக்கும் உதவுகிறது. புதியவருக்காக வாயிலை அகலமாக்கும்போது, உள்ளே உழைத்துக்கொண்டிருப்பவரைக் கலந்து கொள்ளாவிட்டால் இருவரையும் இழக்க நேரிடும் என்பதே இதன் படிப்பினை.

நம் பகுதியும் நாமும்

நம் மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டு மொழிகளாக வழங்குகின்றன. 'என் தமிழ் சுத்தமாக இருக்காது' என்று தயங்குவோர் நம் வகுப்பிலேயே உண்டு. பலரிடம் மடிக்கணினி இல்லை. கைப்பேசி மட்டுமே உண்டு. ஆகவே தமிழ்த் திட்டங்களைப் புதுக்குவோர் கைப்பேசித் திரையையே முதலில் எண்ண வேண்டும். தமிழ் 99, ஒலிபெயர்ப்பு முதலிய எழுதும் முறைகளைக் கண்ணில் படும் இடத்தில் வைக்க வேண்டும். எழுதத் தயங்குவோர்க்குப் படம் எடுத்தல், சொல்லை ஒலிப்பதிவு செய்தல் போன்ற பணிகளைக் காட்ட வேண்டும்.

ஏனெனில் அறிவு எழுதுவோரிடம் மட்டும் இல்லை. 'டூல்' தேய்ந்ததை இயந்திரத்தின் ஓசையிலேயே என் அண்ணன் அறிந்துவிடுவார். அதற்கு அவர் வழங்கும் சொற்கள் எந்த நூலில் உள்ளன? ரோஜாத் தோட்டத்தில் கவாத்து செய்யும் பெண்களின் அனுபவம் எந்தக் களஞ்சியத்தில் ஏறியிருக்கிறது? நம் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் பல நிற்கின்றன. இராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் நம் அருகிலேயே உள்ளது. இவற்றைப் பற்றி அயலூரார் வந்து எழுதட்டும் என்று காத்திருப்பது முறையன்று.

ஒரு கணக்குப் பார்ப்போம். நம் கல்லூரியில் 50 மாணவர்கள் வாரம் ஒரு பக்கம் வீதம் 30 வாரங்கள் திருத்தினால் 1,500 பக்கங்கள் ஆகும். நூலொன்று 200 பக்கம் எனக் கொண்டால் ஏழு நூல்கள் முடியும். ஒருவருக்கு ஆகும் உழைப்போ வாரத்தில் அரைமணி நேரத்திற்குள் அடங்கும்.

முடிவுரை

நல்ல தளம் என்பது அழகிய தளம் மட்டும் அன்று. வந்தவரை வாசகராகவே திருப்பி அனுப்பாமல், 'இதோ உனக்கும் ஒரு சிறு வேலை' என்று நீட்டும் தளமே நல்ல தளம். நாளை நிரல் எழுதும் பணிக்குச் செல்லவிருக்கும் நாம், எந்தப் பக்கத்தை வடிவமைத்தாலும், படித்தவர் இல்லாத வீட்டிலிருந்து முதன்முதலாக வரும் ஒருவர் அதைத் திறப்பதாக எண்ணிக்கொள்வோம். அவருக்கு வழி தெரிந்தால் அனைவருக்கும் வழி தெரியும். அதுவரை, துறை அறிவிப்புப் பலகையில் வாரந்தோறும் விக்கிமூலத்தின் சிவப்புப் பக்கங்கள் ஐம்பதின் எண்களை எழுதி வைக்க நண்பர்கள் சிலர் முன்வந்துள்ளோம். விரும்பும் மாணவ மாணவியர் தம் பெயரை எண்ணுக்கு எதிரே எழுதலாம். எந்த ஆண்டினராயினும், எந்தத் துறையினராயினும் சரியே.